நாலாவது துளை

பலகையைத் தட்டியபோது வந்த சத்தம்தான் முதலில் சரியில்லை. பஸ்ஸின் உள்பலகையை விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போனால், பின்னால் இரும்புத் தூண் நிற்கும் இடத்தில் கட்டியாக 'டங்' என்று கேட்கும். தூணுக்கும் தூணுக்கும் நடுவே வெற்றிடத்தில் 'டொப்' என்று வெறுமையாகக் கேட்கும். முப்பது வருஷமாக இந்த இரண்டைத் தவிர மூன்றாவது சத்தம் ஒன்றைப் பிச்சைக்கனி கேட்டதில்லை. இது மூன்றாவது. அந்தப் பக்கம் யாரோ முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருப்பதுபோல, சதையில் தட்டிய சத்தம்.

தண்ணீர் இறங்கிப் பலகை ஊறியிருக்கும் என்று நினைத்துக்கொண்டான். ஆனால் வண்டி மூன்று மாதமாகக் கரமனைப் பட்டறையின் கூரைக்குள்தான் நிற்கிறது.

வண்டி யோசுவாவினுடையது. துபாயில் பதினோரு வருஷம் லாரி ஓட்டியவர். ஏலத்தில் ஒரு பழைய பஸ்ஸை எடுத்து, சீட்டுகளைக் கழற்றிப் போட்டு, கட்டிலும் அடுப்பும் அலமாரியும் வைத்து ஓடுகிற வீடாக மாற்றச் சொல்லியிருந்தார். எல்லாம் மனைவி ராஜபாய்க்காக. மாடிப்படியில் விழுந்து முதுகெலும்பு போய், இடுப்புக்குக் கீழே உணர்ச்சியில்லாமல், கழுத்தையும் திருப்ப முடியாமல் கிடக்கிறவள். துபாயிலிருந்து கொண்டுவந்த கலர் டிவியை அவள் படுக்கிற கட்டிலுக்கு மேலே, முன்னோக்கிச் சாய்த்துத் தொங்கவிட வேண்டும். அது மட்டும்தான் பாக்கி.

"இந்த எடத்துலதான் வேணும் மேஸ்திரி," என்றார் யோசுவா. "படுத்தா அவளுக்குக் கண்ணு நேரே இங்கதான் வருது. ரெண்டு இஞ்சு தள்ளினா களுத்தத் திருப்பணும். அது அவளுக்கு ஒக்காது, கேட்டியளா."

"இங்க தூணு இல்ல சாரே. வெறும் பிளைவுட்டு. பின்னால பட்டை இரும்பு குடுத்து ரெண்டு தூணுலயும் வெல்டு வைக்கணும். ஒரு நாளு வேல."

பட்டறை முதலாளி அனந்தபத்மநாபன் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டார். "டிவி மாட்டுறீரா, கொடிமரம் நாட்டுறீரா ஓய்? நாலு ஸ்க்ரூவ முறுக்கி விடும். நாளைக்கு வண்டி எறங்கணும்."

இதே பேச்சு. ஒன்பது வருஷத்துக்கு முன்பும் இதே வாய், இதே பட்டறை.

அவர்கள் அந்தப் பக்கம் நகர்ந்ததும் பிச்சைக்கனி பெயின்டைச் சுரண்டினான். அடியில் மக்குப் பசை வைத்து அடைத்த பழைய துளைகள். ஒரே வரிசையில் நாலு. நாலாவது மட்டும் ஒரு நூல், அரைக்கால் இஞ்சு, கீழே.

டிரில்லைப் பிடித்தபடியே நின்றான். நாலாவது துளைக்குப் போகும்போது அவன் வலது கை ஒரு நூல் தாழும். சின்ன வயதில் தகரம் வெட்டி நரம்பு போன கை. வேறு எந்த மேஸ்திரியின் துளையும் அப்படி இறங்காது.

முகப்பை மாற்றி, பெயின்டை மாற்றி, நம்பரையும் மாற்றியிருந்தார்கள். ஆனாலும் இது அந்த வண்டிதான். பொன்முடிக்கு மேலே தேயிலைத் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போன வண்டி. சாமான் வைக்கும் தட்டை அவன்தான் மாட்டினான், அவசரத்தில், வெறும் பிளைவுட்டில். கல்லாறு தாண்டி ஒரு வளைவில் தட்டு பிய்ந்துகொண்டு வர, யாருடைய இரும்புப் பெட்டியோ கீழே இருந்தவளின் பிடரியில் இறங்கியது. அந்த வருஷம்தான் முதியோர் பள்ளியில் அவன் எழுத்துக் கூட்டப் பழகியிருந்தான். சாலைக் கடைத்தெருவில் டீக்கடைப் பேப்பரில், யாரையும் கேட்காமல், விரல் வைத்து அவன் வாசித்த முதல் செய்தி அது. செத்தவள் பேர் மா-ட-ம்-மா-ள். வயது முப்பத்தெட்டு. ஆறு வரி. டிரைவரின் பேர் இருந்தது. டிரைவருக்கு வேலை போயிற்று. மாட்டினவன் பேர் இல்லை. அது இல்லை என்று பார்த்துத் தெரிந்துகொள்ளத்தான் நாற்பது வயதில் எழுத்துப் படித்தோம் போலிருக்கிறது என்று அன்றைக்கு நினைத்தான். யாரிடமும் சொல்லவில்லை.

இப்போது சொல்ல வேண்டும். யோசுவாவிடம் போனான். வாயைத் திறந்தான்.

"சாரே, இந்த வண்டி வேண்டாம்."

"என்ன, ராசி பாக்கியளா? நான் வேதக்காரன் மேஸ்திரி." சிரித்தார். "அவ வீட்டுக்குள்ள கெடந்து மூணு வருஷம் ஆச்சு. இதுல ஏத்தி ஊரக் காணிக்கணும். அதுக்கு மேல எனக்கு ஒண்ணும் வேண்டாம்."

அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு மீதியைச் சொல்ல வரவில்லை. "அப்ப பட்டை குடுத்துத்தான் வைப்பேன்," என்று மட்டும் சொன்னான். முதலாளி அவன் சாதி சனத்தையெல்லாம் இழுத்துத் திட்டினார். திட்டட்டும்.

பலகையைக் கழற்றினான். பின்னால் யாரும் இல்லை. துரு, தூசி, ஒரு பச்சைக் கண்ணாடி வளையல் துண்டு. தேங்காயெண்ணெய் தேய்த்த தலைமுடியின் வாடை மட்டும் சூடாக, இப்போதுதான் யாரோ எழுந்து போன பாயிலிருந்து வருவதுபோல வந்தது.

பட்டை இரும்பு. இரண்டு தூணிலும் வெல்டு. பட்டையிலிருந்து பலகை வழியாக முன்னால் நீட்டி நிற்கும் நாலு போல்ட்டு. வலது கையை இடது கையால் தாங்கிப் பிடித்து, மூச்சை அடக்கித்தான் துளை போட்டான். அளந்து பார்த்தால் நாலாவது ஒரு நூல் கீழே. பட்டையை மாற்றிப் போட நேரமில்லை. அரத்தால் ராவி, பெரிய வாஷர் வைத்து மூடினான். நட்டு தானாகக் கழலாதிருக்க ஸ்ப்ரிங் வாஷர். இரட்டை நட்டு. மாட்டியதும் இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கினான். ஒரு முனகல்கூட இல்லை.

பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. தலைக்கு மேலே பாரம் மாட்டினவன், வண்டியின் முதல் ஓட்டத்தில் அந்தப் பாரத்துக்கு அடியில்தான் இருக்க வேண்டும். மறுநாள் அவன் போய்ப் படுப்பதற்குள் யோசுவா மனைவியைத் தூக்கிக்கொண்டு வந்து கட்டிலில் கிடத்திவிட்டார்.

"நீரு ஏன் அண்ணாச்சி அடியில கெடக்கணும்?" என்றாள் ராஜபாய். "என்னைக்கும் நானில்லா கெடக்கப் போறது. விழுந்தா பாதி ஆளுதான் சாவும், மீதி ஏற்கெனவே செத்தாச்சு."

அவன் சிரிக்கவில்லை. கட்டில் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தான். முதல் ஓட்டம் பொன்முடிக்கு. யோசுவா முன்னால் ஏறினார். டிரைவர் சீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே முழுப்பலகைத் தடுப்பு. பழைய மணிக்கயிற்றை, வீட்டுக்கு எதற்கு என்று பிச்சைக்கனிதான் அறுத்துப் போட்டிருந்தான்.

நெடுமங்காடு, விதுரை. மத்தியானம் சாய்ந்தபோது இடவப்பாதிப் பருவமழை கூரையில் கொட்ட ஆரம்பித்தது, எஞ்சின் சத்தமும் மழையும் ஒன்றாகி, மூடிய ஜன்னல்களில் பச்சைமலை கரைந்து வழிந்தது. டிவிக்கு இன்னும் கரண்டு கொடுக்கவில்லை. அதன் சாம்பல் கண்ணாடியில் வண்டியின் உள்பக்கம் வளைந்து தெரிந்தது. கட்டில். ராஜபாய். ஸ்டூலில் அவன்.

கல்லாற்றுப் பாலம் கடந்தது. முதல் வளைவு. டிவி அசையவில்லை. நன்றாகத்தான் நிற்கிறது.

"அண்ணாச்சி," என்றாள் ராஜபாய் மெதுவாக. "கூட வந்திருக்கது உம்ம ஆளா?"

"யாரு?"

"இந்தா, டிவி கண்ணாடியில. மடியில பெட்டி வச்சிட்டு இருக்கால்லா. நானு உம்ம வீட்டுக்காரி வந்திருக்கான்னு நெனச்சேன்."

அவன் திரும்பிப் பார்த்தான். பின்னால் பலகை மட்டும்.

கண்ணாடியைப் பார்க்கவில்லை. நட்டைப் பார்த்தான். நாலாவது. வாஷருக்கு அடியில் ஒரு நூல் இடைவெளி. நட்டு திரும்பிக்கொண்டிருந்தது. மெதுவாக. ஸ்பேனர் இல்லாமல்.

எழுந்து டிவியை இரண்டு கையாலும் அடியில் தாங்கினான். மேல்நட்டு கழன்று ராஜபாயின் போர்வையில் விழுந்தது.

"சாரே. வண்டிய நிறுத்தும். சாரே."

மழை. எஞ்சின். அடுத்த வளைவு.

"யாரு அண்ணாச்சி அவ? உம்மையேல்லா பாத்துட்டு இருக்கா."

"நான்தான் தாயி," என்றான். ஒன்பது வருஷமாகச் சொல்லாததை, மாடம்மாளிடம். "அந்தத் தட்ட மாட்டினது நான். தூணு இல்லேன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் மாட்டினேன்."

சொன்னால் நட்டு நிற்கும் என்று நினைத்தான்.

இரண்டாவது நட்டு விழுந்தது. மூன்றாவது. டிவியின் கனம் ஏறியது. ஒரு டிவியின் கனம் இல்லை இது. இரும்புப் பெட்டியின் கனம். வலது கை தாழ்ந்தது. ஒரு நூல். இன்னும் ஒரு நூல். அடியில் ராஜபாயின் முகம், நகர முடியாமல், விழித்தபடி.

முகத்துக்கு நேரே கண்ணாடி. பார்க்காமல் இருக்க முடியவில்லை. கட்டில் ஓரத்தில் மாடம்மாள் உட்கார்ந்திருந்தாள். கழுத்து ஒருபக்கமாக மடிந்து. மடியில் பெட்டி. பச்சை வளையல் கை உயர்ந்தது. விரல் முட்டியால் அவன் முதுகில் தட்டியது.

டொப்.

உள்ளே தூண் இல்லாத வெற்றிடத்தின் சத்தம்.

வண்டி அடுத்த வளைவில் திரும்பியது.