கொக்கியில் தொங்கிய டோக்கன்

காட்டறைப் பொம்மையின் விரல் நுனிகளில் பனி பூத்திருந்தது.

முப்பத்து மூன்று டிகிரிப் புழுக்கத்தில், கூரைக் குழாய்கள் ஓயாமல் மழை கொட்ட, சுவரெல்லாம் வேர்த்து வழிந்து ஈரச்சாக்கு நாற்றமடிக்கும் அந்த அறையில் பனிக்கு என்ன வேலை? அவன் துணியால் துடைத்தான். திரும்பவும் பூத்தது. "சனியனே, இன்னிக்குன்னு பார்த்து உயிர வாங்குறியே!" என்று பொம்மையைத் திட்டிவிட்டு வெளியே வந்தான்.

மழைக்கோட்டுகளையும் குளிர்கோட்டுகளையும் சோதித்துப் பார்க்கும் கூடம் அது. எதிரெதிரே இரண்டு அறைகள். ஒன்றில் பூமத்திய ரேகைக் காட்டின் மழையும் புழுக்கமும். மற்றொன்றில் துருவத்தின் மைனஸ் முப்பது. இரண்டிலும் உடம்புச் சூடு ஏற்றிய ஆளுயரப் பொம்மைகள். ஐந்து மணிக்குள் சோதனை முடிவு வராவிட்டால் இரண்டு பேரும் நாளையிலிருந்து வரவேண்டாம் என்று மேனேஜர் காலையிலேயே சொல்லிவிட்டார். இரண்டு பேர் என்றால் அவனும் மாமாவும். மாமா அவன் அக்காவின் கணவர். இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான்.

துருவ அறையின் உள் கைப்பிடி உடைந்து ஒரு மாதமாகிறது. சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம், யாரும் சரிசெய்யவில்லை. அதனால் உள்ளே போகிறவர் தன் டோக்கனை வெளிக்கொக்கியில் மாட்டிவிட்டுப் போகவேண்டும். அது தொங்கும்வரை கதவைச் சாத்தக்கூடாது. மாமாவோ வெளியே வந்தபின் எடுக்க மறந்துவிடுவார். இந்த வாரம் மட்டும் மூன்று தடவை. இன்றும் இரண்டு மணிக்கு டோக்கன் தொங்கியது. மனுஷன் டீக்கடையில் கதையளந்துகொண்டிருப்பார் என்று பல்லைக் கடித்தபடி அதைப் பிடுங்கிப் பையில் போட்டு, வாசலில் கிடந்த செருப்பைக் காலால் ஒதுக்கி, கதவை அறைந்து சாத்தி, குளிரை முழுவேகத்தில் முடுக்கிவிட்டான்.

இப்போது மணி நான்கு. காட்டறைப் பொம்மையின் சூடு திரையில் முப்பத்து நான்கில் நிற்கவேண்டும். இருபத்தாறு காட்டியது. ஒயரை மாற்றினான். இருபத்து மூன்று. ஹீட்டரைக் கூட்டினான். இருபது. குளிர் எந்திரத்தின் இரைச்சலுக்கு அடியில் எங்கோ டொக், டொக் என்றது. குழாயில் காற்று அடைத்திருக்கும். அதையும் அவன் தலையில்தான் கட்டுவார்கள்.

மறுபடி உள்ளே போனான். பொம்மையின் வலக்கை உயர்ந்திருந்தது. முஷ்டி மடங்கியிருந்தது. மடங்கவே மடங்காத பிளாஸ்டிக் விரல்கள். பிடித்து இறக்கிப் பார்த்தான். அசையவில்லை.

வெளியே ஓடிவந்தபோது போன் அடித்தது. அக்கா.

"டேய், உங்க மாமா எங்கடா? பாப்பாவக் கூட்டிட்டு வர ஸ்கூலுக்குப் போறேன்னாரு. இன்னும் வரலியாம். போனும் எடுக்கல."

"டீக்கடையில இருப்பாருக்கா. வேற எங்க போவாரு? நானே இங்க கடுப்புல..."

சொல்லிக்கொண்டே கீழே பார்த்தான்.

மாமாவின் செருப்பு.

அலமாரியைப் பார்த்தான். துருவ அறைக்குள் போட்டுக்கொள்ளும் பூட்ஸில் ஒரு ஜோடி இல்லை.

இரண்டு மணி நேரம். ஐயோ, இரண்டு மணி நேரம்!

"டேய், லைன்ல இருக்கியா?"

திரையில் ஒன்பது.

துருவ அறையின் கதவை இழுத்தான். வெண்புகை. பொம்மை வெறும் உடம்போடு நின்றது. அதன் கோட்டைப் போட்டுக்கொண்டு, கதவோரம் மண்டியிட்டபடி மாமா. வலக்கை உயர்ந்திருந்தது. முஷ்டி மடங்கியிருந்தது.

கன்னத்தைத் தொட்டான். கல். ஆனால் நெற்றியில் வேர்வை வழிந்துகொண்டிருந்தது. சூடாக. ஈரச்சாக்கு நாற்றத்தோடு.

"மாமா..."

டொக்.

பின்னாலிருந்து.

திரும்பினான். காட்டறைக் கண்ணாடியில் மழைநீர் வழிந்தது. அதற்கு அப்பால் பனி மூடிய முஷ்டி.

டொக்.

"மாப்ள," என்றது மாமாவின் குரல். கோபமே இல்லை. "டோக்கன மாட்டிட்டுத்தானேடா போனேன்?"

அவன் கையிலிருந்த போனில் அக்கா பெருமூச்சு விட்டாள்.

"அப்பாடா, அவர் குரல் கேக்குதே. போன அவர்கிட்ட குடுடா."

காட்டறையின் உள் கைப்பிடி உடைந்திருக்கவில்லை. அது மெல்லத் திரும்பியது.