ஆறாவது தட்டு

புந்தா லினா என்கிற மீன்பிடி ஊருக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது சாயங்காலம் ஐந்தரை. மழை அப்போதுதான் விட்டிருந்தது. கடலை ஒட்டி ஒரே ஒரு சாப்பாட்டுக்கடை. தகரக்கூரை, நீளமாக ஒரு மேசை, இரண்டு பக்கமும் பெஞ்சு. பெயர்ப்பலகை கிடையாது. பலகை இல்லாத கடையில்தான் மீன் நன்றாக இருக்கும் என்பது கூட வந்த ஜோவித்தின் கட்சி. எனக்குக் கட்சி எதுவும் இல்லை. எந்தக் கடையையும் நான் நம்புவதில்லை.

நான் நான்கு வருடம் மணிலாவில் இரவு ஷிப்டில் போன் எடுத்தவன். கடல் தாண்டி யாருக்கோ வங்கிக் கார்டு வேலை செய்யவில்லை என்றால் என்னைத் திட்டுவார்கள். ஒரு விடியற்காலையில் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு வந்தவன் திரும்பிப் போகவில்லை. வேலை போனது. தூக்கம் திரும்பி வரவில்லை. இரவெல்லாம் விழித்திருப்பவனுக்கு என்ன பிழைப்பு கிடைக்கும்? எந்த ஊரில் இருட்டிய பிறகு என்ன சாப்பிடலாம், எங்கே ஆடலாம் என்று ஒரு பயணத் தளத்துக்கு எழுதுகிறேன். ஜோவித் படம் எடுக்கிறான். மூன்று வருடமாக ஒரே பைக்கில் சுற்றுகிறோம். எனக்கு இருக்கிற ஒரே மனிதன் அவன்தான்.

பார்த்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வெள்ளை மணல் என்று பேர் வாங்கிய கடற்கரைகளில் மணலைவிட நாற்காலிகள் அதிகம். சூரியன் மறைவதைப் பார்க்க வந்தவர்கள் அதற்கு முதுகைக் காட்டி நின்று தங்களையே படம் எடுத்துக்கொள்கிறார்கள். செபுவில் சுட்ட பன்றியின் தோல் அப்பளம் மாதிரி உடையும். அதற்காக அந்த ஊரின் நெரிசலை மன்னிக்கலாம். மணிலாவில் விடிகாலை மூன்று மணிக்குக் குடல் போட்ட கஞ்சி கிடைக்கும். நான் சாப்பிட்டதில் பொய் சொல்லாத சாப்பாடு அது ஒன்றுதான். பார்கள் எல்லாம் ஒன்றே. அதே நீல விளக்கு, அதே அதிர்வு, வாசலில் அதே சிரிப்பு.

புந்தா லினாவில் நீல விளக்கு இன்னும் வரவில்லை. நிலம் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் முனைக்கு அந்தப் பக்கம் ஒரு புது பார் அன்றைக்குத்தான் திறக்கிறது. அதற்காகத்தான் வந்தோம்.

கடைக்காரி அலிங் செடெங்குக்கு அறுபது வயதிருக்கும். பெரியவர்களில் பெண்ணை அலிங், ஆணை மாங் என்று கூப்பிடுவது எங்கள் மரியாதை. கேட்காமலே கொண்டுவந்து வைத்தாள். காடியில் ஊறிய பச்சை மீன், மேலே இஞ்சியும் தேங்காய்ப்பாலும். தக்காளி அடைத்துச் சுட்ட கணவாய். புளிப்பான இறால் ரசம். வைத்துவிட்டு அவளும் எங்களோடு சாப்பிட உட்கார்ந்தாள். எதிரே மாங் தினோங் என்கிற வயதான மீனவர். அவர் பக்கத்தில் சைக்கிள் ரிக்‌ஷாவுக்கு மோட்டார் வைத்து ஓட்டுகிற போயெத். எல்லோரும் கையால்தான் சாப்பிட்டோம்.

"மணிலா ஆளுங்களா? மீனு செத்துப்போச்சானு ஒரு தடவை பாத்துக்கோங்க. அங்கெல்லாம் பிளாஸ்டிக் பையிலதான மீனு பொறக்கும்?" என்றான் போயெத்.

"பேச்சுக்கும் மீட்டர் போடுவான் போல மாங், இவன்," என்றான் ஜோவித், மீனவரைப் பார்த்து.

சிரித்தார்கள். மேசையின் கடைக்கோடியில் இன்னொருவர் இருந்தார். விளக்கு எட்டாத இடம். நனைந்த சட்டை. தலை குனிந்து வெறும் சோற்றை மெதுவாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் சிரிக்கவில்லை. படகிலிருந்து நேராக வந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஜோவித் எழுந்தான். மூன்று கைகள் சட்டென்று தட்டுகளைப் பிடித்தன.

"கிளம்பிட்டியா இஹோ?" என்றாள் அலிங் செடெங், மகனைக் கூப்பிடுவது மாதிரி.

"இல்ல அலிங். பைக்கக் கூரைக்குள்ள தள்ளிட்டு வரேன்."

"அப்போ சரி." கைகள் தட்டை விட்டன.

இது எங்கள் நாட்டில் எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம். மற்றவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது ஒருவர் பாதியில் கிளம்பினால், உட்கார்ந்திருப்பவர்கள் எல்லோரும் தங்கள் தட்டை ஒரு சுற்று சுற்றவேண்டும். அப்போதுதான் போகிறவர் பத்திரமாகப் போய்ச் சேர்வார். என் வீட்டிலும் செய்வோம், பாதி விளையாட்டாக. இங்கே யாரும் விளையாடவில்லை. ஒருவர் தட்டை மற்றவர் சரிபார்க்கிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. வழக்கத்தில் இவ்வளவு கறாராக இருப்பவர்கள் ஒரு முறை எதையோ கோட்டை விட்டவர்களாகத்தான் இருக்கவேண்டும்.

ஆறரை மணிக்கு ஜோவித்தின் போன் அடித்தது. பார் முதலாளி. கூட்டம் வருவதற்குள் படம் எடுத்துவிட வேண்டுமாம். பாதிக் கணவாயை வாயில் திணித்துக்கொண்டு பையை மாட்டினான்.

"நீ முடிச்சிட்டு மெதுவா வா பரே. இவரு வண்டில வந்துரு," என்றான் என்னிடம், போயெத்தைக் காட்டி. பரே என்றால் மச்சான்.

"மேல் ரோட்டுல போ," என்றான் போயெத். "கீழ கடலோரமா ஒண்ணு பிரியும். அதுல போவாத. புரியுதா?"

"மேல் ரோடு. சரிங்க சார்." சல்யூட் அடித்துவிட்டுப் போனான்.

மரமேசையில் தட்டுகள் கரகரவென்று சுற்றின. அலிங் செடெங், மாங் தினோங், போயெத். அவர்கள் என்னைப் பார்த்தார்கள். நானும் சுற்றினேன். பைக் சத்தம் முனையை நோக்கி மறைந்தது.

கடைக்கோடி மனிதர் சுற்றவில்லை.

"அவரு சுத்தலையே," என்றேன்.

"யாரு?" என்றான் போயெத், வாயில் சோற்றோடு.

நான் திரும்பிக் கை நீட்டினேன்.

பெஞ்சு காலியாக இருந்தது.

தட்டு மட்டும் இருந்தது. சோறு பாதி. அதில் விரல் பதிந்த குழிகள். பெஞ்சின் விளிம்பிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

அலிங் செடெங் மெதுவாக எண்ணினாள். அவள் உதடுகள் அசைவது தெரிந்தது. "நான் அஞ்சு தட்டுதான் வெச்சேன்," என்றாள்.

யாரும் மெல்லவில்லை. அழுகிய கடல்பாசி வாடை அடித்தது. கடல் எதிரே இருக்கிறது, அடிக்கத்தான் செய்யும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இது வெளியூர்க்காரனைப் பயமுறுத்தும் நாடகம். நான் பேசிக்கொண்டிருந்தபோது அந்த ஆள் எழுந்து பின்பக்கம் போயிருக்கிறான். இவர்கள் எல்லோரும் கூட்டு.

"நல்லா இருக்கு," என்றேன். "எல்லா டூரிஸ்டுக்கும் காட்டுவீங்களா?"

"உன் பிரண்ட கூப்பிடு," என்றார் மாங் தினோங். "திரும்பி வரச் சொல்லு. உடனே."

என் போனில் இப்போது சிக்னல் கோடு ஒன்றுகூட இல்லை.

நான் எழுந்து அந்தத் தட்டின் விளிம்பைப் பிடித்தேன். ஐஸில் வைத்த மாதிரி இருந்தது. சுற்றினேன். சுற்றியது. கையை எடுத்தேன்.

அது தானாக எதிர்ப்பக்கம் சுற்றிப் பழைய நிலைக்குத் திரும்பியது. அவசரமே இல்லாமல்.

போயெத் சிலுவை போட்டுக்கொண்டான்.

"யாரு அது?" என்றேன். இந்த முறை என் குரலில் கிண்டல் இல்லை.

மாங் தினோங் போயெத்தைப் பார்த்தார். போயெத் தன் தட்டைப் பார்த்தான். கடைசியில் அலிங் செடெங்தான் சொன்னாள்.

"ரெண்டு வருஷம் முன்னாடி. ஊர்த் திருவிழா. திருவிழான்னா யார் வந்தாலும் சோறு போடுவோம், பேர் கேக்க மாட்டோம், உனக்கே தெரியும். ஒரு பையன் வந்தான். தனியா பைக்ல சுத்துறவன். இங்கதான், அந்தக் கோடில உக்காந்தான். பாதி சாப்பாட்டுல அவசரமா கிளம்பினான். எல்லாரும் தென்னஞ்சாராயம் குடிச்சிட்டு இருந்தாங்க. ஒருத்தரும் தட்டைச் சுத்தல."

"அவ்ளோதானா?"

அவள் போயெத் பக்கம் திரும்பினாள்.

"அவ்ளோதானானு கேட்டேன்."

"வழி கேட்டான்," என்றான் போயெத். "கீழ் ரோடு குறுக்கு வழின்னு சொன்னேன். அந்த ரோடு முன்ன வந்த புயல்லயே கடலுக்குள்ள போயிருச்சு. பாதி தூரம் போயி, முழிச்சிட்டுத் திரும்பி வருவான், சிரிக்கலாம்னு... எல்லாரும் சிரிச்சாங்க பரே. நான் ஒருத்தன் மட்டும் சிரிச்சேன்னு நெனைக்காத."

"திரும்பி வரல."

"பைக் மட்டும் கெடச்சுது."

"ஜோவித்துக்கு எந்த ரோடு சொன்ன?"

"மேல் ரோடுதான்! நீயும் கேட்டியே!"

கேட்டேன். ஆனால் இருட்டில், பிரிகிற இடத்தில், நனைந்த சட்டை போட்ட ஒருவன் நின்று வேறு வழி காட்டினால்? ஜோவித் நிற்பான். யார் கை காட்டினாலும் நிற்கிறவன் அவன். அதற்காக எத்தனையோ முறை திட்டியிருக்கிறேன்.

"வண்டிய எடு, போலாம்," என்றேன்.

"இப்ப நீ கிளம்பினா?" என்றார் மாங் தினோங். "நாங்க சுத்துவோம். அது சுத்தாது. அப்புறம் உன் பிரண்டோட நீயும் போய்ச் சேர மாட்ட."

அவர் சொன்னதை நான் நம்பவில்லை. ஆனாலும் நான் வாசலுக்குப் போகவில்லை.

பெஞ்சிலிருந்து சொட்டும் சத்தம் மட்டும் கேட்டது. நான் கடைக்கோடிக்குப் போய் அந்தத் தட்டுக்கு எதிரே உட்கார்ந்தேன். முகம் தெரியாத, கோபத்தில் இருக்கிற ஆட்களிடம் பேசுவது எப்படி என்று எனக்குத் தெரியும். நான்கு வருடம் அதற்குத்தான் சம்பளம் வாங்கினேன். முதலில் மன்னிப்பு. பிறகு, அவர்களுக்கு என்ன கிடைக்கவில்லை என்று கண்டுபிடிக்க வேண்டும். அதைக் கொடுத்துவிட்டால் போனை வைத்துவிடுவார்கள்.

"சார்," என்றேன், காலியான இடத்தைப் பார்த்து. "உங்களுக்கு நடந்தது தப்பு. மன்னிச்சிருங்க. என் பிரண்டு உங்களுக்கு ஒண்ணும் பண்ணல."

சோற்றில் ஒரு புதிய குழி விழுந்தது.

எனக்குப் பட்டது. இந்த மனிதன் இன்னும் வழியில்தான் இருக்கிறான். இரண்டு வருடமாக. அவனுக்காக யாரும் சுற்றவே இல்லை.

"அவருக்காகச் சுத்துங்க," என்றேன் மூவரிடமும். "இப்போ. அவரு கிளம்பறாரு. போய்ச் சேரட்டும்."

"செத்தவங்களுக்கு யாருப்பா சுத்துவா?" என்றாள் அலிங் செடெங்.

"சுத்துங்க!"

அவள் அழுதுகொண்டே சுற்றினாள். மாங் தினோங் சுற்றினார். போயெத் சுற்றிய வேகத்தில் ரசம் சிந்தியது. நான் என் தட்டை எட்டி இழுத்துச் சுற்றினேன்.

ஆறாவது தட்டு தானாகச் சுற்றியது. ஒரு முழுச் சுற்று.

நின்றது.

சொட்டுவது நின்றது. வாடை போனது. நால்வரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டோம்.

பத்து நிமிடத்தில் என் போன் அடித்தது. திரையில் ஜோவித்தின் பெயர்.

"டேய்! எங்கடா இருக்க?"

"வந்து சேர்ந்துட்டேன்," என்றான். அவன் குரல்தான். பின்னால் பாட்டு இல்லை. அலைச் சத்தம் மட்டும், மிகப் பக்கத்தில். போன் வைக்கப்பட்டது.

மறுபடி கூப்பிட்டேன். எடுக்கவில்லை. பார் இன்னும் திறந்திருக்காது, அதனால்தான் பாட்டு இல்லை என்று போயெத் சொன்னான். நான் அதைப் பிடித்துக்கொண்டேன். எதையும் நம்பாத நான் அன்றைக்கு அதை நம்பினேன். இருட்டில் வண்டி எடுக்க போயெத் மறுத்ததால், அந்த இரவு அலிங் செடெங்கின் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தேன். முனைக்கு அந்தப் பக்கம் நீல வெளிச்சம் ஏறி இறங்கியது. அதிர்வு தண்ணீருக்கு மேலாக வந்து, விடியும்போது அடங்கியது.

காலை ஏழு மணிக்கு பைக் வந்தது. ஜோவித். அதே சட்டை, அதே பை, உடம்பில் ஒரு கீறல் இல்லை. நான் ஓடிப்போய்க் கட்டிப்பிடித்துக் கெட்ட வார்த்தையில் திட்டினேன். அவன் திருப்பித் திட்டவில்லை. பொறுமையாக நின்றான், நான் முடிக்கட்டும் என்று.

கேமராப் பை பூட்டியபடியே இருந்தது, படம் எடுக்கப் போனவன் அதைத் திறக்கவே இல்லை.

கடைக்குள் போனான். எங்கள் இடத்தைத் தாண்டி நடந்து கடைக்கோடியில் உட்கார்ந்தான்.

"காபி தரவா இஹோ?" என்றாள் அலிங் செடெங்.

"சோறு போடுங்க," என்றான். "பாதியில எழுந்துட்டேன்."

போட்டாள். வெறும் சோறு. அவன் தலை குனிந்து மெதுவாகச் சாப்பிட்டான். மாங் தினோங் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்த போயெத் வாசலிலேயே நின்றுவிட்டான். உள்ளேயும் வரவில்லை, ஓடவும் இல்லை.

ஜோவித் நிமிர்ந்து அவனைப் பார்த்துச் சிரித்தான். நட்பான சிரிப்பு.

"அன்னைக்கு ரொம்ப சிரிச்சீங்க," என்றான்.

நாங்கள் தட்டைச் சுற்றியது இறந்தவன் போய்ச் சேரவேண்டும் என்றுதான். எங்கே, எதில் என்று யாரும் சொல்லவில்லை.

அவன் கடைசிப் பருக்கை வரை சாப்பிட்டு முடித்தான். அதுவரை ஒருவரும் எழவில்லை. பிறகு பைக் சாவியை என்னிடம் நீட்டினான்.

"அடுத்து எங்க போறோம்?"

மூன்று வருடத்தில் ஜோவித் என்னை ஓட்ட விட்டதே இல்லை. சாவியை வாங்கிக்கொண்டேன். வேறு என்ன செய்வது? அந்த உடம்புக்குள் ஜோவித்தும் எங்கேயாவது இருக்கலாம். இருந்தால், என்னை விட்டால் அவனைத் தேட ஆள் கிடையாது.

மேல் ரோட்டில் ஏறினேன். வெயில் சுள்ளென்று அடித்தது. ரோடு காய்ந்து வெளுத்துக் கிடந்தது. அவன் பின்னால் உட்கார்ந்து என் தோளில் கை வைத்திருந்தான்.

கை வைத்த இடத்திலிருந்து என் சட்டை கீழ்நோக்கி நனைந்துகொண்டே வந்தது.