வைதேகி நின்ற முனை

ஹெலிகொப்டர் எங்களை இறக்கிவிட்டுத் திரும்பியபோது மத்தியானம். அந்தாட்டிக்காவில் அது சூரியன் மறையாத மாதம். கடலுக்குள் நீண்டு கிடந்த அந்த முனையின் கற்சரிவு முழுவதும் பெங்குவின்கள். கூழாங்கற்களைக் குவித்து, முட்டைகளின் மேல் படுத்திருந்தன. பாறை இடுக்குகளில் வேறு கடற்பறவைகள். எச்சமும் அழுகிய இறாலும் கலந்த வாடை தொண்டைக்குள் இறங்கியது. அந்த இரைச்சலில் பக்கத்தில் நிற்பவரோடும் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.

என் பெயர் செந்தூரன். மெல்பேர்னில், மல்கிரேவில் வேலை. பறவைகளை எண்ணும் கருவிகளைத் திருத்தப் போயிருந்தேன். கூட வந்த பாலா அண்ணை பறவை ஆய்வாளர். இரண்டு வருடங்களுக்கு முன் வைதேகி என்ற ஆய்வு மாணவியோடு இதே முனைக்கு வந்தவர். பனிப்புயலில் அவள் வழி தவறிவிட்டாள், உடல்கூடக் கிடைக்கவில்லை. அவளுடைய நினைவுக் கூட்டத்தில் அண்ணை பேச முடியாமல் அழுததை நான் பார்த்திருக்கிறேன்.

அண்ணை ஆய்வாளர்கள் தங்கும் மரக் குடிலை நோக்கி நடக்கத் தொடங்கினார்.

பறவைகள் சத்தத்தை நிறுத்தின.

முதலில் அவர் காலடியில் இருந்தவை. பிறகு சரிவு முழுவதும். காற்றும் இல்லை. என் மூச்சு எனக்கே கேட்டது.

"ஏன் அண்ணை இப்பிடி?"

"பேசாமல் வா."

குடிலின் கதவில் கீறல்கள் இருந்தன. நெஞ்சு உயரத்தில் தொடங்கி நிலம்வரை இறங்கிய நகக் கீறல்கள். மரத்தூள் இன்னும் புதிதாக உதிர்ந்துகொண்டிருந்தது.

அண்ணையின் உதடுகள் வெளுத்துவிட்டன. "நான் போகேக்கை இது இருக்கேல்லை" என்றார் மெல்ல.

உள்ளே போய்க் கதவைத் தாழிட்டதும் கட்டிலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"அவள் வழி தவறேல்லை, தம்பி. வந்து தட்டினவள். திறந்தால் காத்து கூரையையும் பிடுங்கிக்கொண்டு போயிடும் எண்டு பயந்திட்டன். அரை மணித்தியாலம் தட்டினவள். பிறகு தட்டேல்லை."

"அவளின்ர அம்மாவுக்கு என்ன சொன்னனீங்கள்?"

"காணேல்லை எண்டு."

என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அப்போது கதவு தட்டப்பட்டது.

மூன்று தரம். நிதானமாக.

"பாலா அண்ணை." களைத்துப்போன ஒரு பெண்ணின் குரல். "வெளியில வாங்கோ."

அண்ணை எழுந்தார். நான் அவர் கையைப் பிடித்தேன். அவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கையை உதறிவிட்டு, தாழை நீக்கி வெளியே போனார். கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

ஓடிப்போய் இழுத்தேன். தாழ் நீங்கித்தான் இருந்தது. கதவு அசையவில்லை.

சின்ன ஜன்னலால் பார்த்தேன். வெளியே பளீரென்ற வெயில். கடலில் ஒரு நெளிவும் இல்லை. பறவைகளின் ஓர் இறகும் ஆடவில்லை. அதன் நடுவில் அண்ணை மட்டும் புயலில் அகப்பட்டவர்போலக் குனிந்து தள்ளாடினார். அவருடைய ஜாக்கெட் மட்டும் படபடத்தது. அவர்மேல் மட்டும் பனி அறைந்தது. புருவம், தாடி, கண்ணிமை எல்லாம் வெளுத்துக்கொண்டு வந்தன.

"செந்தூரன்! கதவைத் திற! ஒண்டும் தெரியேல்லையடா!"

இரண்டு கையாலும் இழுத்தேன். உதைத்தேன். மண்வெட்டியை இடுக்கில் விட்டு நெம்பினேன், பிடி முறிந்தது. வெளியே அவருடைய நகங்கள் மரத்தில் இறங்கும் சத்தம் கேட்டது.

ஒரு பெங்குவினும் முட்டையை விட்டு எழும்பவில்லை. சரிவு முழுவதும் கழுத்தைத் திருப்பி அவரையே பார்த்துக்கொண்டிருந்தன.

அரை மணித்தியாலம்.

பிறகு அவர் தட்டவில்லை.

கதவு தானாகத் திறந்தது. வெளியே யாருமில்லை. ஒரு காலடித் தடமும் இல்லை. அத்தனை பறவைகளும் ஒரே நேரத்தில் கத்தத் தொடங்கின.

விசாரணையில் நான் சொன்னதை யாரும் நம்பவில்லை. 'காணாமற்போனார்' என்று எழுதி முடித்தார்கள். ஜனவரியில் சிட்னிக்குப் போனேன். அங்கே கிரவீன் என்ற பகுதியில் வைதேகியின் அம்மா விமலாதேவி அன்ரி தனியாக இருக்கிறார். அன்று நாற்பத்திரண்டு பாகை வெயில். ரோட்டுத் தார் செருப்பில் ஒட்டியது. அவருக்காவது உண்மை தெரிய வேண்டும் என்று ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன்.

அன்ரி அழவில்லை.

"தெரியும் தம்பி" என்றார். "போன கிழமை பிள்ளை வந்தவள். தனிய வரேல்லை."

"ஆரோட அன்ரி?"

எழுந்துபோய்ப் பின்பக்கத்துக் கண்ணாடிக் கதவின் திரையை விலக்கினார். புல் கருகி மஞ்சளாகக் கிடந்தது. கதவுக்கு ஓரடி தள்ளி, அந்த வெயிலில், இரண்டு சப்பாத்துத் தடங்களின் அளவுக்கு உறைபனி. கரையாமல். விரல்பக்கம் வீட்டைப் பார்த்தபடி.

"நிக்கட்டும்" என்றார் அன்ரி. "அவள் போதும் எண்டு சொல்லுற வரைக்கும் நிக்கட்டும்."

நான் கண்ணாடிக்குக் கிட்டப் போனேன். வெளியே ஒருவரும் இல்லை.

என் முகத்துக்கு நேரே, கண்ணாடியின் மறுபக்கத்தில், யாரோ மூச்சு விட்டதுபோல் மெல்ல வெண்மை படர்ந்தது.