மருந்து வைத்தவள்

பொழுது புலரும் நேரம். ஒத்தக்கடை வீட்டின் கூடத்தில் ஜெயபாண்டி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தான். பச்சை பச்சையாக வாந்தி.

"பாவி! அன்னிக்கு நீ சோத்துல வச்ச மருந்து இன்னும் எம்புள்ள வயித்துலயே கெடக்குடி!" மாமியார் அழகம்மாள் அலறினாள்.

பாண்டீஸ்வரிக்கு அது புதிதல்ல. கல்யாணமான மூன்றாம் மாதம், அவள் வைத்த குழம்பைச் சாப்பிட்ட அன்றுதான் கணவனுக்கு இந்த வலி வந்தது. புருசனை மயக்க வசிய மருந்து கலந்துவிட்டாள் என்ற பேச்சு அன்றே கிளம்பியது. சண்டை வேண்டாமென்று அவளே அடுப்படியை விட்டு ஒதுங்கிக்கொண்டாள். ஒன்பது வருடமாக அவனுக்கு ஒரு வாய் சோறு பரிமாறியதில்லை. வலி மட்டும் வந்து வந்து போனது.

"யாராச்சும் ஆட்டோவக் கூப்பிடுங்க! வயித்துல கெடக்குற வசிய மருந்த எடுக்குறவர்ட்ட கூட்டிட்டுப் போறேன்." அழகம்மாள் தெருவைப் பார்த்துக் கத்தினாள்.

பாண்டீஸ்வரி வாசலை மறித்து நின்றாள். "வேணாம் அத்தே… ஆஸ்பத்திரிக்குத்தான். என்னைய என்ன வேணாலும் சொல்லுங்க. எனக்கு இவரு உசுரோட வேணும்!"

ஆட்டோ ஆஸ்பத்திரிக்கே போனது. பிறகெல்லாம் பாண்டீஸ்வரிக்குக் கனவில் நடப்பது போலிருந்தது. ஸ்கேன் அறையின் குளிர், எங்கோ போட்ட கையெழுத்து, தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல யார் யாரோ பேசும் குரல்… ஆபரேஷன் தியேட்டர் கதவு மூடியது. வராண்டாத் தரையில் வெயில் மெல்ல மெல்ல நகர்வதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மதியம் டாக்டரம்மா வந்தார். "பயப்படாதீங்க, பிழைச்சிட்டாரு. பிறவியிலேயே அவருக்குக் குடல் சரியான இடத்துல அமையல. குறுக்க நாடா மாதிரி ஒரு சவ்வு வேற. இப்ப குடல் முறுக்கி அடைச்சிருச்சு. முறுக்கைப் பிரிச்சு, சவ்வை வெட்டி விட்டுட்டோம். இன்னுங் கொஞ்சம் தாமதிச்சிருந்தா குடல் அழுகியிருக்கும்."

"சாப்பாட்டுல எதுவும் கலந்து…" அழகம்மாள் இழுத்தாள்.

"அப்படியெல்லாம் வராதும்மா. இது தாய் வயித்துல இருக்கும்போதே உண்டானது."

டாக்டரம்மா போனதும் அழகம்மாள் சுவரோரம் அப்படியே சரிந்து உட்கார்ந்தாள். "கைப்புள்ளையாயிருக்கும்போதே பச்சையாக் கக்குவானே… பால் சேரலன்னு விட்டுட்டேனே! அப்ப என் வயித்துலதான் கோளாறா? நாந்தான் பாவியா?"

ஒன்பது வருடத்துப் பதில் பாண்டீஸ்வரியின் நாக்கு நுனிவரை வந்தது. ஆனால், செய்யாத குற்றத்தைச் சுமந்து நடப்பது எப்படியிருக்கும் என்று அவளைத் தவிர யாருக்குத் தெரியும்?

மாமியாரின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"உங்க மேல தப்பு இல்லத்தே… யார் மேலயும் தப்பு இல்ல."

"இம்புட்டு வருசம் உன்னைய வதைச்சேனே தாயீ… என்னைய ரெண்டு வார்த்தை திட்டிரு!"

பாண்டீஸ்வரி முந்தானையால் மாமியாரின் முகத்தைத் துடைத்துவிட்டாள். அழகம்மாள் மருமகளை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள். போகிற வருகிறவர்கள் நின்று பார்த்தார்கள். அந்த அணைப்புக்குள் பாண்டீஸ்வரி கண்களை மூடிக்கொண்டாள்.