ஓட்டுறவன் பாரம்

காலையில் பட்டறையின் ஷட்டரைத் தூக்கியதும் பெரியவனின் கண் முதலில் போனது காரின் வலது முன்சக்கரத்துக்குத்தான். நேற்று சாயங்காலம் டேப் வைத்து அளந்து, இரண்டு பக்கமும் ஒரே உயரம் என்று பார்த்துவிட்டுத்தான் பூட்டிக்கொண்டு போனான். இப்போது வலப்பக்கம் இரண்டு விரற்கடை அமுங்கி நின்றது. ஓட்டுபவர் சீட்டில் ஓர் ஆள் ஏறி உட்கார்ந்தால் எவ்வளவு இறங்குமோ, அவ்வளவு.

பழைய ஸ்பிரிங், சோர்ந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டான். அப்பா வாங்கிய இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார். அந்த வயதில் மனிதனுக்கே இடுப்பு ஒரு பக்கம் சாய்கிறது, இரும்புக்குச் சாயாதா? ஆனால் கதவருகே போனபோது உள்ளிருந்து கிராம்பு வாசனை வந்தது. வண்டி ஓட்டும்போதெல்லாம் கிராம்பை வாயில் அடக்கிக்கொள்வது அவன் தம்பியின் பழக்கம். பட்டறையில் அண்ணன் பெரியவன், தம்பி சின்னவன். சொந்தப் பெயர் யாருக்கும் நினைவில்லை. சின்னவன் இந்தக் காரில் செத்து ஒரு மழைக்காலம் போய் அடுத்ததும் வந்துவிட்டது.

காரைத் திரும்ப ஓடவைக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவள் சின்னவன் மனைவி. ஆஸ்பத்திரியில் முட்டி தேய்ந்தவர்களை நடக்கப் பழக்குவது அவள் வேலை. நசுங்கிய தகடெல்லாம் வேறிடத்தில் நிமிர்த்தி, பெயின்ட் அடித்து, அடிப்பாகத்துக்கு மட்டும் இங்கே கொண்டுவந்து விட்டிருந்தாள். வேறு பட்டறையா இல்லை என்று அவனால் கேட்க முடியவில்லை. கேட்டால் ஏன் என்று அவள் திருப்பிக் கேட்பாள்.

அன்று மழையோடு வந்து உதிரிப் பாகங்களின் அட்டைப் பெட்டிகளை மேசைமேல் அடுக்கினாள்.

"ரெண்டு ரெண்டு விதமா வாங்கிருக்கேன் மாமா. எது போடணும்னு நீங்கதான் சொல்லணும்."

"நீ எதுக்கும்மா சுமந்துக்கிட்டு வர்ற? சொன்னா நான் போயிருக்க மாட்டேனா?" என்றான். இணைப்புகளில் செருகும் இரண்டு புஷ் வளையங்களை எடுத்துக் காட்டினான். "இது ரப்பர், குலுக்கல வாங்கிக்கும். இது கெட்டி. வளைவுல நல்லாப் பிடிக்கும், ஆனா ரோட்டுல இருக்கிற ஒவ்வொரு கல்லும் முதுகுக்குத் தெரியும்."

"அவருக்கு முதுகு வலி இருக்கு. ரப்பரே போடுங்க."

இருக்கு என்றாள். வாய்தவறி வந்திருக்கும் என்று விட்டுவிட்டான். ஸ்பிரிங்கில் குட்டையானதை ஒதுக்கினான். பார்க்க ஜோராக இருக்கும், வேகத்தடையில் அடிவயிறு இடிக்கும். குலுக்கலை அடக்கும் ஷாக் அப்சார்பரில் பழைய மாதிரியையே எடுத்தான். கடைசியில் ஒரு சின்னப் பெட்டி மிஞ்சியது. அவளே அதைத் திறந்து பால் ஜாயின்ட்டை உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். சக்கரத்தையும் அதைத் தாங்கும் இரும்புக் கையையும் பிணைக்கிற உருண்டை மூட்டு.

"இது ஒரே விதம்தான். எங்க ஆஸ்பத்திரி இடுப்பு மூட்டு மாதிரியே இருக்குல்ல? தேஞ்சா மாத்தணும், வேற வழியில்ல." நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தாள். "உறைக்குள்ள தேஞ்சிருந்தா வெளிய தெரியுமா மாமா?"

அவன் காலி அட்டைப் பெட்டியை மடக்கினான். "ஆட்டிப் பாத்தா தெரியும்மா," என்றான்.

ஆட்டிப் பார்த்தவன் அவன்தான். அப்பா போவதற்கு முன் கார் சாவியையும் பட்டறைச் சாவியையும் சேர்த்துச் சின்னவன் கையில் கொடுத்தார். பெரியவன் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். மூத்தவன் இருக்க இளையவனுக்கா என்று அன்று விழுந்த முடிச்சு பிறகு அவிழவே இல்லை. ஸ்டியரிங் திருப்பினால் வலது முன்பக்கம் டொக் என்கிறது, பார் அண்ணா என்று தம்பி வண்டியை விட்டுவிட்டுப் போனபோது மூட்டு கடகடவென்று ஆடியது. புதியதைப் போடவில்லை. தேய்ந்த மூட்டைத் துடைத்து, அதன்மேல் பளபளவென்று புது ரப்பர் உறையை மாட்டினான். மாத்திட்டேன்டா, போ என்றான். மலைச்சாலை வளைவில் சக்கரம் மடங்கியது. எல்லோரும் வேகம் என்றார்கள், அவனும் தலையை ஆட்டினான்.

இந்த முறை எல்லாவற்றையும் ஒழுங்காகத்தான் செய்தான். புது ஸ்பிரிங், புது ஷாக், புது மூட்டு. தன் கையாலேயே பூட்டி, முறுக்கி, ஆட்டிப் பார்த்தான். அசையவில்லை. காரை இறக்கினான். சமமாக நின்றது. மறுநாள் காலை மறுபடி வலப்பக்கம் அமுங்கியிருந்தது. ஸ்பிரிங்குகளை இடம் மாற்றினான். கோளாறு ஸ்பிரிங்கில் என்றால் சாய்வு இடப்பக்கம் போக வேண்டும். போகவில்லை. தரையில் மட்டம் வைத்துப் பார்த்தான், டயரில் காற்று பார்த்தான், தெரிந்த வித்தையெல்லாம் தீர்ந்துவிட்டது. காருக்கடியில் மல்லாந்து படுத்து யோசித்துக்கொண்டிருந்தபோது தலைக்கு மேலே சீட் மெதுவாகக் கிரீச்சிட்டது, யாரோ முதுகை வசதியாகச் சாய்த்துக்கொள்வது போல. பிறகு தரைத்தகட்டில் ஒரு குதிகால் தாளம் போட்டது. சிக்னலில் நிற்கும்போது சின்னவன் போடும் தாளம் அது.

வெளியே வந்து குழாயடியில் முகத்தைக் கழுவினான்.

ஒரு வேலைதான் பாக்கி. முடித்துக் கொடுத்துவிட்டால் கார் போய்விடும். ரப்பர் புஷ் போல்ட்டுகளைச் சக்கரம் தொங்கும்போது முறுக்கக் கூடாது. ரப்பர் பிசகிக் கிழிந்துவிடும். கார் தரையில் நின்று, ஆள் எடையும் ஏறிய பிறகே கடைசி முறுக்கு. அதற்காக ஓட்டுபவர் சீட்டில் மணல் மூட்டைகளை வைப்பார்கள். ஓட்டுறவன் பாரம் என்று அதற்குப் பெயர். மூட்டைகளை வைத்தான். வலப்பக்கம் இன்னும் இறங்கியது, ஒரே சீட்டில் இரண்டு பேர் உட்கார்ந்த மாதிரி. ஸ்பேனர் எடுக்க உள்ளறைக்குப் போனான்.

திரும்பி வந்தபோது மூட்டைகள் இடது சீட்டில் இருந்தன. ஒன்றின்மேல் ஒன்றாக. சீட் பெல்ட் மாட்டி.

கார் சமமாக நின்றது. இத்தனை நாளும் நிற்காத அளவுக்குச் சமமாக.

விட்டுவிட்டு ஓடியிருக்கலாம். ஓடினால் அவளிடம் என்ன சொல்வது? அந்த ஒரு பயம் மற்ற பயத்தையெல்லாம் மிஞ்சிவிட்டது. இடப்பக்கக் கதவைத் திறந்து, பெல்ட்டைத் தளர்த்தி, மூட்டைகளை இழுத்துக் கீழே போட்டான். ஒவ்வொன்றாக இறங்க இறங்கக் கார் வலப்பக்கம் சாய்ந்தது. கடைசி மூட்டை பெல்ட்டில் சிக்கியிருந்தது. சீட்டில் முழுதாக ஏறி உட்கார்ந்து அதை இழுத்து வெளியே தள்ளினான்.

கார் நிமிர்ந்தது. கதவு சாத்திக்கொண்டது.

கைப்பிடியை இழுத்தான். அசையவில்லை. மடிமேல் பெல்ட் இறுகியிருந்தது. மாட்டியது அவனில்லை.

மழைக்குப் பாதி இறக்கியிருந்த ஷட்டர் கடகடவென்று முழுதும் ஏறியது. மழை வெளிச்சத்தில் அவள் நின்றிருந்தாள். குனிந்து, டேப்பை வைத்து இரண்டு பக்கமும் அளந்தாள்.

"இப்ப சரியா இருக்கு மாமா."

"கதவத் திறம்மா. மாட்டிக்கிட்டேன்மா, திற!"

அவள் கண்ணாடிக்கு வெளியே உள்ளங்கையை விரித்தாள். பால் ஜாயின்ட். புதியது. அவன் தன் கையாலேயே பூட்டியது. காரில் இருக்க வேண்டியது.

"அன்னைக்கும் உறை மட்டும்தானே புதுசு?"

"யாரு... யாரும்மா சொன்னது?"

அவள் அவனைப் பார்க்கவே இல்லை. அவனைத் தாண்டி வலது சீட்டைப் பார்த்தாள். கல்யாணத்தன்று சின்னவனைப் பார்த்த அதே பார்வை.

"பாத்துப் போங்கன்னு சொல்ல மாட்டேன்," என்றாள் அந்தச் சீட்டிடம். "உங்க இஷ்டம்போல போங்க."

சாவி திரும்பியது. இன்ஜின் உறுமியது. காதோரம் கிராம்பு மூச்சு. அவன் கழுத்தைத் திருப்பவில்லை. திருப்ப முடியவில்லை. கண் மட்டும் ஓரமாகப் போனது. வலது சீட்டின் தோல் ஓர் ஆள் அளவுக்குக் குழிந்திருந்தது.

எதிரே திறந்த வாசல். மழை. மலைக்குப் போகும் சாலை.

யாரும் தொடாத ஸ்டியரிங் மெல்லத் திரும்பியது. வலது முன்பக்கம், கீழே, டொக் என்றது.