பெல்லம் எத்தனை கிலோ?

பெல்லத்தின் விலை ஓர் அச்சு வெல்லம்.

அது வாங்கிய அன்று கொடுத்த விலை. இன்று யாராவது ஒரு லாரி நிறைய வெல்லத்தைக் கொண்டுவந்து வாசலில் இறக்கினாலும் தாட்சாயணி பெல்லத்தைக் கொடுக்கமாட்டாள்.

பெல்லம் ஒரு நாய். வால் எங்கே முடிகிறது, உடம்பு எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியாத அளவுக்குப் புசுபுசுவென்று முடி.

தாட்சாயணியின் அப்பா வேதாச்சலத்துக்குச் சித்தூர் வெல்ல மண்டியில் கடை இருக்கிறது. அவள் அவரை ‘நைனா’ என்றுதான் கூப்பிடுவாள். போன வருஷம் லாரி டிரைவர் ரமணா ஒரு குட்டியைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தார்.

“சும்மா எடுத்துக்கோங்க அண்ணா” என்றார்.

“சும்மா வாங்கினா அது எப்பவும் உன் நாய்தான். விலை சொல்லு” என்றார் நைனா.

ரமணாவுக்குப் பேரம் பேசவே வராது. அவர் திருதிருவென்று விழித்தார். கடைசியில் நைனாவே ஒரு விலை சொன்னார். பிறகு, “இது ரொம்ப அதிகம்” என்று தானே குறைத்தார். இரண்டு பக்கமும் தானே பேசி, ஓர் அச்சு வெல்லத்துக்கு வியாபாரத்தை முடித்தார்.

தெலுங்கில் வெல்லத்தைப் ‘பெல்லம்’ என்பார்கள். குட்டியின் நிறமும் அதுதான், விலையும் அதுதான். ரமணா அப்படிக் கூப்பிட்டார், பெயர் ஒட்டிக்கொண்டது.

இந்தச் சனிக்கிழமை காலையில் படுக்கையறையிலிருந்து அம்மாவின் குரல் தெருக்கோடி வரை கேட்டது.

“தலைகாணி மேல உண்ணி நடந்துக்கினு போவுது!”

தாட்சாயணி ஓடிப்போய்ப் பார்த்தாள். கடுகு அளவில் ஓர் உண்ணி, அவசரமே இல்லாமல் தலையணையின் பூப்போட்ட உறைமேல் போய்க்கொண்டிருந்தது. பெல்லத்தின் காதை விலக்கினாள். அங்கே இன்னும் இரண்டு ஒட்டிக்கொண்டிருந்தன.

அம்மாவின் பெயர் ஸ்வர்ணலதா. அவர் கோபத்தில் கத்தினால் பயமில்லை. மெதுவாகப் பேசினால்தான் பயம். இப்போது மெதுவாகப் பேசினார்.

“திங்கட்கிழமை காலையில ரமணா லாரி பாலசமுத்திரம் போவுது. அதுக்குள்ள இந்த நாய்க்குச் சரியான மருந்து கொடுத்தா இது இங்க இருக்கலாம். இல்லன்னா லாரியில ஏத்தி உங்க பெரியப்பா மாந்தோப்புக்கு அனுப்பிடுவேன்.”

தாட்சாயணி பெல்லத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். சரியான மருந்து என்றால் எது?

மண்டிக்குப் போய் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். பதில் மூட்டை மூட்டையாக வந்து விழுந்தது.

“வேப்பெண்ணெய் தேய்ச்சு விடு பாப்பா” என்றார் எடை போடும் நாராயணசாமி.

“எண்ணெயா? பௌடர் கொட்டணும், அம்மாயி. தலையிலேர்ந்து வால் வரைக்கும்” என்றார் ரமணா.

“கழுத்துல பட்டை கட்டணும். எங்க மாமா நாய்க்குக் கட்டியிருக்காங்க” என்றான் பக்கத்துக் கடைப் பையன் சுனில்.

“மண்ணெண்ணெய் வச்சுத் தொடை!” என்றார் வெல்லம் வாங்க வந்த ஒருவர்.

“ஐயய்யோ, அது நாய்க்கு ஆவாது! தோலே வெந்துபூடும்” என்றார் இன்னொருவர்.

வேப்பெண்ணெய்க்காரர்களும் பௌடர்க்காரர்களும் சண்டையே போட ஆரம்பித்துவிட்டார்கள். தாட்சாயணிக்குத் தலை சுற்றியது. பெல்லம் மட்டும் நிம்மதியாகப் பின்னங்காலால் காதைச் சொறிந்துகொண்டிருந்தது.

நைனா அவளையும் பெல்லத்தையும் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு நரசிம்மனின் கால்நடை மருந்துக் கடைக்குப் போனார். அங்கேயாவது குழப்பம் தீரும் என்று தாட்சாயணி நினைத்தாள்.

நரசிம்மன் மேசைமேல் வரிசையாக வைத்தார். “இது பட்டை. இது பௌடர். இது கழுத்துல விடுற சொட்டு மருந்து. இது மாத்திரை. இது ஷாம்பு.”

“இதுல எது நல்லது அண்ணா?”

“எல்லாமே நல்லதும்மா!”

கடைக்காரரிடம் அப்படிக் கேட்டது தன் தவறுதான் என்று தாட்சாயணிக்குப் புரிந்தது. நைனாவிடம் யாராவது வந்து எந்த வெல்லம் நல்லது என்று கேட்டால் அவரும் இதைத்தான் சொல்வார்.

அவள் மருந்துகளைப் பார்ப்பதை விட்டுவிட்டுப் பெல்லத்தைப் பார்த்தாள்.

“நைனா, பட்டை கட்டினா இது கடிச்சுத் துன்னுடும். உங்க செருப்பையே விடல.”

“ஆமா” என்றார் நைனா. அந்தச் செருப்பு போன வாரம்தான் வாங்கியது.

“பௌடர் போட்டா அதோட போய் வெல்ல மூட்டை மேல படுத்துக்கும்.”

நைனாவின் முகம் மாறியது. “பௌடரே வேணாம். ஊரே துன்ற பொருள்!”

“சொட்டு மருந்து விட்டா உடனே தண்ணி படக்கூடாதாமே? இது மண்டித் தொட்டியில தினமும் கழுத்தை விட்டுத் தண்ணி குடிக்குது. ஷாம்பு போட்டாலும் மறுநாளே மறுபடி உண்ணி ஏறிக்கும்.”

மீதி இருந்தது மாத்திரை. இருந்தாலும் அவளுக்குச் சந்தேகம் தீரவில்லை. திருப்பதியில் கால்நடை மருத்துவராக இருக்கும் பத்மினி அத்தைக்கு நைனாவின் போனிலிருந்து பேசினாள்.

“நல்லா யோசிச்சிருக்கே தாட்சு” என்றார் அத்தை. “வயசு என்ன?”

“ஒண்ணரை, அத்தை.”

“வலிப்பு கிலிப்பு வந்திருக்கா?”

“இல்ல அத்தை. பசிதான் வரும்.”

அத்தை சிரித்தார். “அப்போ மாத்திரையே கொடுக்கலாம். ஆனா எடைக்குத் தகுந்த பெட்டிதான் வாங்கணும். எடை ரொம்ப முக்கியம். அதிகமாக் கொடுத்தா உடம்புக்கு ஆவாது. அதோட அது படுக்கிற சாக்கையெல்லாம் வெந்நீர்ல அலசிடு.”

“எடைதானே?” என்றார் நைனா.

அவர் ஒற்றைக் கண்ணை மூடினார். மண்டியில் வெல்லக் குவியலைப் பார்க்கும்போதும் இப்படித்தான் மூடுவார். மூடித் திறந்து ஒரு எடை சொல்வார். தராசில் வைத்துப் பார்த்தால் அதுவாகவே இருக்கும். அவர் கண்ணுக்குத் தராசே பயப்படும் என்று மண்டியில் சொல்வார்கள்.

“பதினாறு கிலோ” என்றார்.

நரசிம்மன் ‘10–20 கிலோ’ என்று போட்ட பெட்டியை எடுத்தார்.

“அந்த நாற்பது கிலோ பெட்டி என்ன விலை?” என்று கேட்டார் நைனா. “ஓ, கொஞ்சம்தான் கூட! அதை வாங்கி ரெண்டா உடைச்சா...”

“அண்ணா, இது வெல்லம் இல்ல!” என்று பெட்டியைப் பின்னால் இழுத்துக்கொண்டார் நரசிம்மன்.

மாத்திரையைச் சாயங்காலம் சாப்பாட்டோடு கொடுக்க வேண்டும். அதற்குள் குளிப்பாட்டிவிடச் சொன்னார் அம்மா. இதுவரை ஈரத் துணியால் துடைத்துவிட்டதோடு சரி. இன்றைக்குத் தாட்சாயணி ஒரு வாளி தண்ணீரைப் பெல்லத்தின் தலையில் ஊற்றினாள்.

ஊற்றிவிட்டுத் திகைத்து நின்றாள்.

பெல்லத்தைக் காணோம். அது இருந்த இடத்தில் வேறு ஏதோ ஒன்று நின்றுகொண்டிருந்தது. ஒல்லிக் கழுத்து, குச்சிக் கால்கள், கயிறு மாதிரி ஒரு வால். அந்த வால் ஆடிய விதத்தை வைத்துத்தான் அவளுக்கு அடையாளமே தெரிந்தது.

“பெல்லம், நீ இவ்வளவுதானா?”

அவள் பெட்டியை எடுத்து வந்து பார்த்தாள். பத்திலிருந்து இருபது கிலோ. மறுபடி பெல்லத்தைப் பார்த்தாள். அவளுடைய பள்ளிப் பையே இதைவிடக் கனமாக இருக்கும் போலிருந்தது.

ஆனால் நைனாவின் கண் பொய் சொல்லாதே! நைனா சொன்னது சரியென்றால் தான் பார்ப்பது எப்படித் தப்பாகும்? தான் பார்ப்பது சரியென்றால் நைனா சொன்னது... அதற்குமேல் யோசிக்கவே அவளுக்குப் பிடிக்கவில்லை. மண்டியில் அத்தனை பேர் மதிக்கிற கண் அது.

பெல்லம் அவள் கையை நக்கியது. அத்தை சொன்னது ஞாபகம் வந்தது. அதிகமாகக் கொடுத்தால் உடம்புக்கு ஆகாது.

ஈரம் சொட்டச் சொட்ட அதைத் தூக்கிக்கொண்டு மண்டிக்கு ஓடினாள்.

“இது எந்த எலி?” என்றான் சுனில்.

“எங்க பெல்லம்தான். சும்மா இரு.”

எடை மெஷினின் பலகைமேல் பெல்லத்தை வைத்தாள். எப்போதோ சிந்திய வெல்லத்தூளை மோந்தபடி அது சுற்றிச் சுற்றி வந்தது. மெஷினில் மூன்று என்று வந்தது. உடனே பதினொன்று. பிறகு ஐந்து. ரமணா அதன் வாலைப் பிடித்து நிறுத்தப் பார்த்தார்.

“வாலை விடுய்யா, எடை குறையும்!” என்றார் நாராயணசாமி.

“அப்போ நீங்க முதுகிலேர்ந்து கையை எடுங்க, எடை கூடும்!” என்றார் ரமணா.

பெல்லம் தாவிக் குதித்து ஓடிவிட்டது. மெஷின் பூஜ்யம் காட்டியது.

நைனா எட்டிப் பார்த்தார். “எதுக்கும்மா இதெல்லாம்? நான்தான் பதினாறுன்னு சொன்னேனே.”

அந்த நேரம் ஒரு மூட்டை வெல்லம் வந்தது. நாராயணசாமி அதை எடை போட்டுவிட்டு, எப்போதும் போலக் குரல் கொடுத்தார்.

“சாக்குக் கழிவு ஒரு கிலோ!”

மூட்டையை எடை போட்டால் சாக்கின் எடையைக் கழித்துவிட வேண்டும். மீதிதான் வெல்லம். அந்தக் குரலை அவள் பிறந்ததிலிருந்து கேட்டு வருகிறாள். இன்றைக்குத்தான் அது காதில் விழுந்தது.

“நாராயணசாமி அண்ணா, இப்போ நான்தான் சாக்கு!” என்று கத்தினாள்.

பெல்லத்தைத் துரத்திப் பிடித்து, இறுக்கி அணைத்துக்கொண்டு மெஷின்மேல் ஏறி நின்றாள். அவள் கைக்குள் அது ஆடாமல் அசையாமல் இருந்தது.

“முப்பத்தெட்டு கிலோ எண்ணூறு” என்றார் நாராயணசாமி.

பெல்லத்தைச் சுனிலிடம் கொடுத்துவிட்டு அவள் மட்டும் ஏறினாள்.

“முப்பது கிலோ இருநூறு. சாக்கைக் கழிச்சா...” நாராயணசாமி ஆரம்பித்தார். பிறகு நைனாவைப் பார்த்து வாயை மூடிக்கொண்டார்.

கணக்கு எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. எட்டு கிலோ அறுநூறு.

நைனாவின் முகம் மழையில் நனைந்த வெல்லம்போல ஆனது. தாட்சாயணி நைனாவின் பக்கத்தில் போய் நின்று, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

“நைனா, உங்க கண்ணு தப்பு இல்ல. நீங்க மூட்டையோட எடையைச் சொன்னீங்க. முடிக்குக் கழிவு போட மறந்துட்டீங்க, அவ்வளவுதான்.”

நைனா ஈரப் பெல்லத்தைப் பார்த்தார். பெல்லம் அவரைப் பார்த்து ஒரு முறை உடம்பைச் சிலிர்த்துக்கொண்டது. வேட்டி, சட்டை, மீசை எல்லாம் தண்ணீர்.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “ஆமாய்யா! கழிவு போடாம விலை பேசிட்டேன்!”

மண்டியே சிரித்தது. ரமணா மட்டும் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார்.

“அண்ணா, பதினாறுல எட்டு அறுநூறு போனா முடி மட்டும் ஏழு கிலோ நானூறா?”

நாராயணசாமி அவர் காலை மிதித்தார்.

நரசிம்மன் பிரிக்காத பெட்டியை வாங்கிக்கொண்டு, பத்து கிலோவுக்கு உட்பட்ட நாய்க்கான பெட்டியைக் கொடுத்தார். அதன் படத்தை அனுப்பியதும், “இதுதான் சரி” என்றார் பத்மினி அத்தை. செருப்பு, பென்சில், துடைப்பம் எதையும் விட்டுவைக்காத பெல்லம், மாத்திரையை மட்டும் மூன்று முறை துப்பியது. நான்காவது முறை சாத உருண்டைக்குள் ஒளித்து வைத்ததும் ஏமாந்துபோய் விழுங்கிவிட்டது. தாட்சாயணி அது படுக்கும் சாக்குகளை எல்லாம் வெந்நீரில் அலசிக் காயப்போட்டாள்.

திங்கட்கிழமை காலையில் வாசலில் லாரி வந்து ஹாரன் அடித்தது. அம்மா கதவைத் திறந்தார். தாட்சாயணி மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள்.

“எதுக்கு ரமணா சும்மா ஹாரன் அடிச்சுக்கினு இருக்கே? நாய் பயப்படுது பாரு” என்றார் அம்மா. லாரி காலியாகப் பாலசமுத்திரம் போனது.

அடுத்த சனிக்கிழமை அம்மா மெத்தை, தலையணை, போர்வை எல்லாவற்றையும் உதறிப் பார்த்தார். ஓர் உண்ணிகூட இல்லை. கிடைத்தது ஒரு கைப்பிடி நாய்முடிதான்.

“இந்தாங்க, உங்க கழிவு” என்று அதை நைனாவிடம் நீட்டினார்.

நைனா பழக்கத்தில் ஒற்றைக் கண்ணை மூடினார். தாட்சாயணி இருமினாள். அவர் கண்ணைத் திறந்துவிட்டு, சமையலறைத் தராசை எடுத்து வந்தார்.

முடி பத்து கிராம் இருந்தது.

ஏழு கிலோ நானூறில் பத்து கிராம் வரவு. மீதி ஏழு கிலோ முந்நூற்றுத் தொண்ணூறு கிராம் முடி பாக்கி. பெல்லம் அதைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக, அம்மாவின் தலையணையில் கொண்டுவந்து கட்டிக்கொண்டிருக்கிறது.