அழுக்காகவே கொண்டுவாங்க

சலவைக் கடையில் வளரும் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்காமலே ஒரு விஷயம் தெரிந்துவிடும். புதுச் சிவப்புத் துணியை வெள்ளைத் துணியோடு சேர்த்து நனைக்கக் கூடாது.

குண்டூசிக்கும் இது தெரியும். ஆறு வயதாகிறதே, தெரியாமல் இருக்குமா? ஆனால் அந்தச் சனிக்கிழமை மதியம் அவனுக்கு அது சுத்தமாக மறந்துபோனது.

அவனுக்கு வைத்த பெயர் வேறு. ஒல்லியாக, கிடைத்த இடத்திலெல்லாம் நுழைந்துகொள்ளும் ஆளாக இருந்ததால் எல்லாருக்கும் அவன் குண்டூசி. அவனுடைய அக்காவுக்குப் பத்து வயது. தூங்கும் நேரம் தவிர வாய் மூடாததால் அவள் ரேடியோ.

அப்பா பெரிய சலவை மெஷினின் வட்டக் கதவைத் திறந்தபோது, ரேடியோ பக்கத்தில் நின்று பள்ளியில் நடந்த ஒரு சண்டையை முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள். பாதியிலேயே நிறுத்திவிட்டாள்.

உள்ளே சர்ச் பாடகர் குழுவின் அங்கிகள் கிடந்தன. காலையில் வெள்ளையாக வந்தவை. இப்போது ஒன்றுவிடாமல் ரோஸ் நிறம். அவற்றின் நடுவில், ஒரு பாவமும் அறியாததுபோல, குண்டூசியின் புதுச் சிவப்புச் சட்டை கிடந்தது.

"நான் இன்னும் மெஷினையே போடலையே," என்றார் அப்பா.

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு அம்மா ஓடிவந்தாள். பார்த்தாள். தலையில் கை வைத்துக்கொண்டாள். "நாளைக்குக் காலையில பாடணுமே அவங்க."

அப்பா அங்கிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தொட்டியில் போட்டார். "ஈரமா இருக்கிற வரைக்கும் பயமில்ல. சாயம் எடுக்கிற பொடியில ஊறவெச்சா வந்துடும். காய்ஞ்சுட்டாலோ, சுடுதண்ணி பட்டாலோதான் கஷ்டம்." பிறகு தொட்டியை உற்றுப் பார்த்தார். "ஒண்ணு குறையுதே."

"குண்டூசியும் குறையுறான்," என்றாள் ரேடியோ.

அப்பாவின் முகம் மாறிவிட்டது. "முதல்ல அவனைத் தேடும்மா. அங்கி கிடக்கட்டும். பாவம், எங்க உட்கார்ந்து அழுறானோ."

ரேடியோ தேடினாள். துணி மூட்டைகளுக்குப் பின்னால் இல்லை. மேசைக்கு அடியில் இல்லை. கொடியில் தொங்கிய போர்வைகளுக்கு நடுவிலும் இல்லை. கடைக்குப் பின்னால் இருந்த குளியலறைக் கதவு மட்டும் உள்ளே தாழ்போட்டிருந்தது. காதை வைத்துக் கேட்டாள். சரக், சரக் என்று பிரஷ் தேய்க்கும் சத்தம். நடுநடுவே மூக்கை உறிஞ்சும் சத்தம்.

"டேய், குண்டூசி."

சரக் நின்றது. "நான் இங்க இல்ல."

"சரி. நீ இல்லாட்டி பரவாயில்ல. கதவைத் திற."

"மாட்டேன். இது வெள்ளையானதும்தான் வருவேன்."

ரேடியோ கதவோரம் தரையில் உட்கார்ந்துகொண்டாள். "எதுக்குடா அதையெல்லாம் மெஷின்ல போட்ட?"

குண்டூசி மூக்கை உறிஞ்சினான். பிறகு எல்லாம் ஒரே மூச்சில் வந்தது.

"போன வாரம் ஞாயிறு வகுப்புல டீச்சர் சொன்னாங்கல்ல? இயேசப்பா இரட்சிப்பு குடுக்கிறாரு, தப்பையெல்லாம் மன்னிச்சுத் தன்கிட்ட சேர்த்துக்கிறாரு, யாருக்கெல்லாம் வேணுமோ அடுத்த ஞாயித்துக்கிழமை சேர்ந்து ஜெபம் பண்ணலாம்னு. எனக்கு வேணும்கா. அதான் ஒரு வாரம் பூரா நல்லவனா இருந்துட்டுப் போலாம்னு நினைச்சேன்."

ரேடியோவுக்கு அந்த வாரம் நடந்ததெல்லாம் இப்போதுதான் விளங்கியது. திங்களன்று பூச்செடிக்கு அவன் ஊற்றிய தண்ணீரில் செடி வேரோடு மிதந்தது. செவ்வாயன்று அப்பாவின் செருப்புக்குப் பாலிஷ் போட்டான், உள்பக்கமாக. அப்பா நாள் முழுக்கக் கறுப்புப் பாதத்தோடு நடந்தார். புதனன்று அம்மாவுக்கு உதவியாகச் சர்க்கரை டப்பாவை நிரப்பி வைத்தான். உப்பால்.

"அதெல்லாம் சேட்டைன்னு நினைச்சேன்டா."

"எல்லாம் நல்ல காரியம்," என்றான் குண்டூசி, அழுகையோடு. "எதுவுமே சரியா வரல. இன்னிக்கு ஒரு நாள்தான் பாக்கி இருந்துச்சு. அப்பா வர்றதுக்குள்ள அங்கி எல்லாத்தையும் தோய்ச்சு வெச்சா சந்தோஷப்படுவாரேன்னு போட்டேன். நாளைக்கு நான் போட்டுக்கப்போற சட்டை. அதுவும் சுத்தமா இருக்கணும்ல. அதையும் போட்டுட்டேன்."

ரேடியோவுக்கு அழுகை வந்தது. சிரிப்பும் வந்தது. எதை வெளியே விடுவது என்று தெரியவில்லை.

"அக்கா, நாளைக்கு நான் வரல. இயேசப்பாகிட்ட சொல்லிடு. அடுத்த வருஷம் நல்லவனாயிட்டு வர்றேன்னு சொல்லு."

"நீ நல்லவன்தான்டா."

"இல்ல. உன் புது ரப்பரைக் கடிச்சுத் துப்பினது நான்தான்."

"அது நீதானா?" ரேடியோ எழுந்தே நின்றுவிட்டாள். எலி என்றல்லவா சொன்னான்? அந்த எலிக்குப் பயந்து இரண்டு நாளாகப் புத்தகப் பையைக் கட்டிலில் வைத்துக்கொண்டு தூங்கியவள் அவள். வாய்வரை வந்துவிட்டது திட்டு. ஆனால் உள்ளே மறுபடியும் சரக், சரக் என்று பிரஷ் தேய்க்கும் சத்தம் தொடங்கியது. முன்னைவிட வேகமாக. கதவின் அடியில் ஆவி கசிந்தது.

"டேய், சுடுதண்ணியா ஊத்துற?"

"ஆமா. சுடுதண்ணிலதானே அழுக்குப் போகும்?"

"எல்லாத்துக்கும் இல்லடா." ரேடியோ மறுபடி உட்கார்ந்தாள். திட்டைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். "கேக் கடை மாமா கோட்டு எடுத்துட்டு வந்தாரே, ஞாபகமிருக்கா?"

"முட்டைக் கறையா?"

"அதேதான். அழுக்குக் கோட்டை எப்படிக் கடைக்குக் கொண்டுவர்றதுன்னு அவருக்கு வெட்கம். வீட்டிலேயே சுடுதண்ணி ஊத்தித் தேய் தேய்னு தேய்ச்சுட்டு வந்தாரு. என்ன ஆச்சு?"

"முட்டை வெந்து துணியோட ஒட்டிக்கிச்சு." குண்டூசியால் இதற்குச் சிரிக்காமல் இருக்க முடியவில்லை. "அப்பா நாலு நாள் போராடினாரு."

"அப்பா அவர்கிட்ட என்ன சொன்னாரு?"

குண்டூசி அப்பாவைப் போலவே குரலைக் கனமாக்கிக்கொண்டான். "அண்ணே, இனிமே அழுக்காகவே கொண்டுவாங்க. சுத்தம் பண்ணிக் கொண்டுவர்றதுக்கு எதுக்குண்ணே கடை?"

சொல்லி முடித்ததும் உள்ளே மூச்சுச் சத்தம் பலமாகக் கேட்டது. தம்பி யோசிக்கிறான் என்று அவளுக்குத் தெரியும். யோசிக்கும்போது மூச்சு சத்தமாக விடுவான்.

"அக்கா. இயேசப்பாவும் அப்படியா?"

"அப்படித்தான். நல்லவங்களா ஆயிட்டு வாங்கன்னு டீச்சர் சொல்லவே இல்லையே. வேணும்கிறவங்க வாங்கன்னுதானே சொன்னாங்க."

"சும்மாவா? நான் ஒண்ணுமே செய்ய வேணாமா?"

"அவரே செஞ்சு முடிச்சுட்டாரு. நம்ம எல்லார் தப்பையும் அவர் தன்மேல எடுத்துக்கிட்டு சிலுவையில செத்தாரு. மூணாம் நாள் உயிரோட எழுந்தாரு. நம்பி வாங்கிக்கிறதுதான் நம்ம வேலை."

"அதுதான் எனக்குப் புரியல," என்றான் குண்டூசி. "தப்பு செஞ்சது நான். அவர் ஒண்ணுமே செய்யல. அப்புறம் எப்படி அவர் எடுத்துக்க முடியும்?"

ரேடியோ தலையைச் சொறிந்தாள். வகுப்பில் இதைப் பலமுறை கேட்டிருக்கிறாள், மனப்பாடமாகவும் சொல்வாள். ஆனால் எப்படி என்று யாராவது கேட்டால் என்ன சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

அந்த நேரத்தில் கடையின் முன்பக்கத்திலிருந்து ஒரு கனத்த குரல் கேட்டது. பாட்டு மாஸ்டர். பாடகர் குழுவை நடத்துபவர். சாதாரணமாகப் பேசினாலே பாடுவதுபோல ஏற்ற இறக்கம் இருக்கும். கோபம் வந்தால் கேட்கவே வேண்டாம்.

"என்னப்பா இது? வெள்ளை அங்கி கொடுத்தா, பூந்தோட்டமாக்கி வெச்சிருக்கே? யார் பண்ணின வேலை?"

குளியலறைக்குள் பிரஷ் கீழே விழுந்தது.

"என் கடையில நடந்தது, மாஸ்டர்," என்றார் அப்பா. "தப்பு என்னோடது."

"நீ இத்தனை வருஷமா வேலை செய்யறே. நீயா சிவப்பையும் வெள்ளையையும் ஒண்ணாப் போடுவே?"

"என் பொறுப்பு மாஸ்டர். நானே சரி பண்ணித் தர்றேன்."

"சரி வரலேன்னா? நாளைக்கு அத்தனை பேர் முன்னால நாங்க எப்படி நிக்கிறது? இப்படிப் போனா நான் வேற கடைதான் பார்க்கணும்."

"அது உங்க இஷ்டம். ஆனா வேற யாரையும் எதுவும் சொல்லிடாதீங்க. திட்டணும்னா என்னைத் திட்டுங்க."

மாஸ்டர் திட்டினார். குரல் மேலே போய்க் கீழே இறங்கி, மறுபடி மேலே போகத் திட்டினார். அப்பா ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லவில்லை. ரேடியோவுக்கு ஓடிப்போய் அப்பாவைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

தாழ்ப்பாள் சத்தமில்லாமல் விலகியது. கதவிடுக்கில் குண்டூசியின் ஒரு கண் தெரிந்தது. சிவந்திருந்தது.

"அப்பா ஏன் திட்டு வாங்கறாரு? அவர் செய்யலையே."

"தெரியும்."

"நான்தான் செஞ்சேன்னு அப்பாவுக்குத் தெரியாதா?"

"தெரியாமலா? உன் சட்டைதானே உள்ள கிடந்துச்சு."

"தெரிஞ்சுமா?"

"தெரிஞ்சும்தான்," என்றாள் ரேடியோ. தம்பி கேட்ட கேள்விக்குப் பதில் அப்போதுதான் அவளுக்கும் புரிந்தது. தம்பியைப் பார்த்தாள். தம்பியும் அவளைப் பார்த்தான். கதவு முழுதாகத் திறந்தது.

இடுப்புக்குக் கீழே தொப்பலாக நனைந்து, மார்போடு அங்கியை அணைத்துக்கொண்டு நின்றான் குண்டூசி. கை விரல்களெல்லாம் சுருங்கிப்போயிருந்தன. அங்கியின் மார்புப் பக்கம் மட்டும் மற்றதைவிட அழுத்தமான ரோஸ்.

"நீயே கொண்டுபோய்க் குடுத்துடு அக்கா."

கொடுத்துவிடலாம்தான். அதுதான் சுலபம். ரேடியோ கையைக்கூட நீட்டிவிட்டாள். பிறகு மடக்கிக்கொண்டாள். "நான் குடுத்தா நீ இன்னும் ஒளிஞ்சிட்டே இருக்கிற மாதிரிதான்டா. நான் கூட வர்றேன். நீ குடு."

"என்ன சொல்றது?"

"உள்ளதைச் சொல்லு."

இருவரும் கைகோத்துக்கொண்டு முன்பக்கம் போனார்கள். குண்டூசி நடந்த வழியெல்லாம் தண்ணீர் சொட்டியது. மாஸ்டர் பேச்சை நிறுத்தினார். அம்மா இஸ்திரி மேசையைச் சுற்றிக்கொண்டு வந்தாள். அப்பா முழங்கைவரை பொடித் தண்ணீரோடு தொட்டியருகே நின்றார்.

குண்டூசி அங்கியை நீட்டினான். "அப்பா, நான்தான். நானே சரி பண்ணப் பார்த்தேன். என்னால முடியல."

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. ஒரு கையால் அங்கியை வாங்கித் தொட்டியில் போட்டார். இன்னொரு கையால் பிள்ளையை அப்படியே தூக்கித் தோளில் சாய்த்துக்கொண்டார். குண்டூசி அவர் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு விம்மினான். அப்பாவின் சட்டை முழுக்க நனைந்தது.

மாஸ்டர் தொண்டையைக் கனைத்தார். மறுபடியும் கனைத்தார். "வெள்ளையா வந்தா நல்லது," என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு. "வரலேன்னாலும் பாடத்தான் போறோம். காலையில சீக்கிரமா வர்றேன்." வாசல்வரை போய்த் திரும்பினார். "கடையெல்லாம் மாத்தல. கோபத்துல சொன்னது."

மாலைக்குள் ஏறக்குறைய எல்லா அங்கிகளும் வெளுத்துவிட்டன. குண்டூசி சுடுதண்ணீர் ஊற்றியதில் மட்டும் மார்பில் லேசாக ஒரு ரோஸ் நிழல். அதை இன்னொரு முறை ஊறப்போட்டார் அப்பா.

கொடியில் தொங்கிய அங்கிகளுக்குக் கீழே ரேடியோவும் குண்டூசியும் உட்கார்ந்திருந்தார்கள். அம்மா சாப்பிடக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நாளை வரைக்கும் காத்திருக்கணுமா?"

"எதுக்கு?"

"இயேசப்பாகிட்ட கேக்கிறதுக்கு."

"வேணாம். அவர் கடை எப்பவும் திறந்துதான் இருக்கும்."

குண்டூசி கண்களை இறுக மூடிக்கொண்டான். ரேடியோவும் மூடிக்கொண்டாள்.

"இயேசப்பா, நான்தான். நானே நல்லவனாகப் பார்த்தேன். என்னால முடியல. எனக்காக நீங்க எல்லாத்தையும் வாங்கிக்கிட்டீங்கன்னு அக்கா சொன்னா. ரொம்ப தேங்க்ஸ். என்னை அப்படியே வெச்சுக்கோங்க. ஆமென்."

ரேடியோவும் மெதுவாக ஆமென் சொன்னாள். அவளுடைய வாழ்க்கையிலேயே அவள் இவ்வளவு சின்னதாகப் பேசியது அதுதான் முதல் முறை.

குண்டூசி ஒரு கண்ணை மட்டும் திறந்தான். "கேட்டிருப்பாரா?"

"கேட்டிருப்பாரு."

"பதிலே சொல்லலையே."

"அப்பா மட்டும் என்ன பதில் சொன்னாரு? தூக்கிக்கிட்டாருல்ல?"

குண்டூசி அதை யோசித்துப் பார்த்தான். சத்தமாக மூச்சுவிட்டு யோசித்தான். பிறகு, சரிதான் என்பதுபோலத் தலையை ஆட்டிவிட்டு, எழுந்து சாப்பிடப் போனான்.